மண்ணில் நூல் மட்டும் நின்றது

பழைய துணிகளைப் போடுவதற்கென்று வைத்திருந்த ஓர் இரும்புப் பெட்டியின்மேல் எழுதியிருந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இன்றைய கந்தல், நாளைய எரிபொருள்" என்று பச்சை எழுத்தில் இருந்தது; பக்கத்தில் ஓர் இலையின் படம். அலமாரியைக் காலி செய்து ஒன்பது சட்டைகள், இரண்டு படுக்கை விரிப்புகள், இடுப்பில் ஏறாத கால்சட்டைகள் சில என்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போய் அதன் வாய்க்குள் தள்ளினேன். மூடி படாரென்று விழுந்த ஓசையில் ஒரு நிம்மதி பிறந்தது. வீடு திரும்பும் வழியில் அந்த நிம்மதியின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சட்டைகளில் மூன்றை நான் பத்து முறைகூட உடுத்தியதில்லை. தேவைக்கு மேல் வாங்கியதும், வாங்கியதை மறந்ததும், மறந்ததைக் கழித்ததும் நான்தான். அத்தனைக்குமான கணக்கைப் பச்சை எழுத்திலிருந்த ஒரே வரி எப்படித் தீர்த்துவைத்தது என்ற கேள்வி வாரக்கணக்கில் மனத்தை விட்டு அகலவில்லை.

என் பழக்கப்படி ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பருத்திச் சட்டை 150 கிராம் என்று கொள்வோம். சாயத்தையும் மெருகையும் மறந்துவிட்டு முழுவதும் செல்லுலோஸ் (குளுக்கோஸ் கண்ணிகள் சங்கிலியாகக் கோத்த நார்ப்பொருள்) என்றே தாராளமாக எடுத்துக்கொண்டால், அது உடைந்து 167 கிராம் குளுக்கோஸ் ஆகும். உடையும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்வதால் எடை கூடுகிறது. ஈஸ்ட் அந்தக் குளுக்கோஸைத் தின்று பாதியைக் கார்பன் டை ஆக்சைடாக ஊதிவிடும். மீதி 85 கிராம் எத்தனால் என்ற எரிசாராயம். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் எழுபது சதவீதம் கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்பதால், கையில் வருவது ஏறக்குறைய 75 மில்லிலிட்டர். எத்தனாலின் ஆற்றல் அதே அளவு பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அது 50 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் கார் அதைக் குடித்துவிட்டு முக்கால் கிலோமீட்டர் போகும். அந்தப் பெட்டிக்குப் போய்வர நான்கு கிலோமீட்டர் வண்டி ஓட்டியிருந்தேன். நான் போட்ட ஒன்பது சட்டைகளில் ஆறு, போய்வந்த பயணத்துக்கே தீர்ந்துவிட்டன. ஒரு சட்டைக்கான பருத்தியை விளைவித்து ஆடையாக்க 2,700 லிட்டர் நீர் ஆகிறது என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கை அருகில் வைத்தால், அந்த 75 மில்லிலிட்டர் இன்னும் சிறுத்துப்போகிறது.

ஆயினும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முழு முயற்சியையும் எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. எரிபொருளுக்கென்று எவரும் சட்டை தைப்பதில்லை. சட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. உலகில் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் துணிக்கழிவு சேர்கிறது என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதில் மீண்டும் ஆடையாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி குழியில் புதைகிறது அல்லது உலையில் எரிகிறது. எப்படியும் எரியப்போவதை எத்தனாலாக்கி எரித்தால் என்ன குற்றம்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் அந்தப் பெட்டியின் வரியை என்னால் பொய்யென்று தள்ளவும் முடியவில்லை, மெய்யென்று கொள்ளவும் முடியவில்லை.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

துணியைச் சர்க்கரையாக்குவது புதிய சங்கதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1819ஆம் ஆண்டிலேயே பிரான்சின் நான்சி நகரில் ஆன்றி பிராகொன்னோ என்ற வேதியியலர் கந்தல் துணியையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தில் கரைத்து, நீர் சேர்த்துக் கொதிக்கவைத்து, இனிப்பான பாகு ஒன்றைப் பிரித்தெடுத்துவிட்டார். செல்லுலோஸ் என்ற பெயர்கூட அப்போது இல்லை. அது பிறக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. எடுத்த கந்தலின் எடையைவிடக் கிடைத்த சர்க்கரையின் எடை கூடுதல் என்பதையும் அவர் கண்டார். மேலே நான் காகிதத்தில் போட்ட அதே நீர் மூலக்கூறின் கணக்குதான். அந்தக் காலத்தில் கந்தலுக்கு நல்ல மதிப்பு இருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஐரோப்பாவில் மரக்கூழ் வருமுன் காகிதம் கந்தலிலிருந்துதான் செய்யப்பட்டது. கந்தல் பொறுக்குவது ஒரு தொழில். கந்தலைச் சர்க்கரையாக்குவதைவிடக் காகிதமாக்குவது இலாபம் என்பதை அன்றைய சந்தை ஒரு விவாதமும் இன்றி முடிவு செய்துவிட்டது.

அமிலத்தின் வழி கரடுமுரடானது. அது சர்க்கரையையும் சேர்த்துக் கெடுக்கும், பாத்திரத்தையும் அரிக்கும். இன்று ஆய்வுக்கூடங்கள் நம்பியிருப்பது நொதிகளை (என்சைம்களை). அந்த நொதிகளின் பூர்வீகமே ஒரு துணிக்கழிவுக் கதைதான் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் சீருடைகளும் மழையிலும் புழுக்கத்திலும் மடமடவென்று மக்கத் தொடங்கின. தடுக்க வழி தேடிய ஆய்வாளர்கள், சாலமன் தீவுக்கூட்டத்தின் போகன்வில் தீவில் மக்கிய கூடாரத் துணியிலிருந்து ஒரு பச்சைப் பூஞ்சையைப் பிரித்தெடுத்து க்யூஎம்6ஏ என்று எண்ணிட்டார்கள். அதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்கள் எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும். பின்னாளில் அந்தப் பூஞ்சைக்கு ரீஸின் பெயரையே சேர்த்து டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயரிட்டார்கள். துணியைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு துணியையும் தாளையும் வைக்கோலையும் எப்படி இன்னும் வேகமாக அழிப்பது என்ற வேலையாகத் திரும்பியது. இன்று செல்லுலோஸ் எத்தனாலுக்கென்று விற்கப்படும் நொதிகளில் மிகப் பலவற்றுக்கு அந்தக் கூடாரப் பூஞ்சையின் வழித்தோன்றல்களே தாய்.

அந்த நொதி ஒரே ஆள் அன்று, ஒரு கூட்டம். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சரம். பருத்தியில் ஒரு சரத்தில் ஆயிரக்கணக்கான மணிகள் இருக்கும். கூட்டத்தில் ஒருவகை நொதி சரத்தை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். இன்னொரு வகை வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு, கயிற்றின்மேல் ஊர்வதுபோல ஊர்ந்து, இரண்டிரண்டு மணிகளாக உரித்துக்கொண்டே போகும். மூன்றாவது வகை அந்த இரட்டை மணிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும். மூன்றாமவன் சோம்பினால் இரட்டை மணிகள் குவிந்து இரண்டாமவனின் வேலையை நிறுத்திவிடும். கூடாரப் பூஞ்சையிடம் மூன்றாம் வகை குறைவு. அதனால் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்துக் கலப்பார்கள்.

சாயப்பட்டறையில் வேதியியலராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "இதே நொதியைத்தானே நாங்கள் தினமும் ஜீன்ஸில் போடுகிறோம்" என்றார். கல்லைப் போட்டு உருட்டி ஜீன்ஸை வெளுக்கச் செய்த காலம் போய், 1980களின் இறுதியிலிருந்து செல்லுலேஸ் நொதியால் மேற்பரப்பை மட்டும் மெல்லக் கடிக்கவைத்து நீலத்தை உதிர்க்கிறார்கள். பனியன் துணியின் மேலுள்ள பிசிறைக் களையவும் அதே நொதிதான். வேலை முடிந்ததும் சூட்டை ஏற்றி நொதியைக் கொன்றுவிட வேண்டும். "மறந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "துணி நைந்துபோகும், ஆர்டரும் போகும். நீங்கள் எரிபொருள் என்று சொல்வதற்கு எங்கள் பட்டறையில் கவனக்குறைவு என்று பெயர்" என்றார்.

ஆறு மாதம் கழித்து

படித்ததும் கேட்டதும் போதவில்லை. கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நொதி வாங்கி, ஐம்பது டிகிரி சூட்டில், சற்றே புளித்த நீரில் இரண்டு மூன்று நாள் கலக்கிக்கொண்டிருக்க என்னிடம் வசதி இல்லை. ஆனால் மண்ணில் இதே வேலையைச் செய்யும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் கூலி கேட்பதில்லை. இரண்டு பழைய சட்டைகளை எடுத்தேன். ஒன்றின் கழுத்துச் சீட்டில் 100 சதவீதம் பருத்தி என்று இருந்தது. எடை 160 கிராம். மற்றொன்று 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி; 180 கிராம். மக்கிய இலைகளும் மண்ணும் கலந்த ஒரு பெரிய தொட்டியில் இரண்டையும் தனித்தனி அடுக்காகப் புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, ஆறு மாதம் பொறுத்திருந்தேன்.

தோண்டிய அன்று முதலில் கையில் அகப்பட்டது ஒரு பொத்தான். அதைப் பிடித்து மெல்லத் தூக்கியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஒரு சட்டையின் கோட்டுச் சித்திரம் எழுந்து வந்தது. துணி இல்லை, தையல் மட்டும் இருந்தது. தோள் இணைப்பு, அக்குள் வளைவு, பக்கவாட்டுத் தையல், கீழ்மடிப்பின் இரட்டை ஓட்டம், பொத்தான் துளைகளைச் சுற்றிய நெருக்கமான வலைப்பின்னல் என ஒவ்வொரு தையலும் தன் இடத்திலேயே, எதையும் தைக்காமல், வெறும் நூலாக நின்றது. தையல் நூல் பாலியெஸ்டர் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு சட்டையை வெட்டித் தைப்பவர் மனத்தில் வைத்திருக்கும் வரைபடம் இப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டு, அந்த நூலெலும்பைக் கிழிக்காமல் வெளியே எடுக்க அரைமணி நேரம் ஆனது. கழுத்துப்பட்டையின் உள்ளிருந்த விறைப்புத்துணியும் அப்படியே இருந்தது. அதில் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சீட்டைக் கட்டைவிரலால் துடைத்தேன். எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. 100 சதவீதம் பருத்தி.

அந்தச் சீட்டு மக்காததற்குக் காரணம் அது பருத்தி இல்லை என்பதுதான். இதை ஏமாற்று என்று எவரும் வழக்குப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் சீட்டு, தையல் நூல், உள்விறைப்புத்துணி ஆகியவற்றை நார்க் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்றே எழுதியிருக்கிறது. மொத்தமாகத் தராசில் வைத்தேன். பொத்தான்களோடு சேர்த்து 9 கிராம். மீதி 151 கிராமையும் மண் தின்றுவிட்டது.

இரண்டாவது சட்டை வேறொரு பாடம் வைத்திருந்தது. அது சட்டையாகவே வெளியே வந்தது. ஆனால் ஒளியை மறைக்கவில்லை. ஒவ்வொரு இழையிலும் முறுக்கிக் கலந்திருந்த பருத்தி பெரும்பாலும் போய், பாலியெஸ்டர் மட்டும் மெல்லிய வலைபோல நின்றது. அதை முகத்துக்கு நேரே பிடித்தால் எதிரிலிருந்த சுவர் தெரிந்தது. எடை 126 கிராம். நெசவில் இதையே அலங்காரமாகச் செய்வதுண்டு; கலப்புத் துணியில் அமிலத்தன்மையுள்ள பசையைக் கோலம்போல அச்சிட்டுச் சூடேற்றினால் பருத்தி கருகி உதிர்ந்து, அந்த இடங்களில் மட்டும் துணி கண்ணாடிபோல மெல்லிதாகும். என் சட்டையில் கோலம் இல்லை. எல்லா இடமும் கண்ணாடி.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பெட்டியின் வரியை நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன் என்று பட்டது. பருத்தியையும் பாலியெஸ்டரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி நூற்ற இழையை மனிதக் கையாலோ இயந்திரப் பல்லாலோ மீண்டும் பிரிக்கவே முடியாது. நூற்பாலையில் சில நொடிகளில் நடந்துவிடும் அந்தக் கலப்புதான் பழந்துணி மறுசுழற்சியின் முதன்மையான முட்டுக்கட்டை. அதைப் பூஞ்சை சத்தமின்றிப் பிரித்துவைத்திருந்தது. போன பருத்தி சர்க்கரை. நின்றது சுத்தமான பாலியெஸ்டர். தொழிற்சாலைத் தொட்டியில் நடந்திருந்தால் இரண்டுமே கைக்கு வந்திருக்கும். ஆக, இந்த வேலையின் அரிய பலன் அந்தப் பிரிவினைதான். எரிபொருள் அதற்குக் கிடைக்கும் கூலி. கூலியைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வேலையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

தொட்டிக்குள் நடக்கும் தகராறு

மண் ஆறு மாதம் எடுத்துக்கொண்டதை இரண்டு நாளில் முடிக்கவேண்டும் என்னும்போதுதான் தொல்லைகள் வருகின்றன. பருத்தியில் ஒரு பெரிய வசதி உண்டு: மரத்திலும் வைக்கோலிலும் இருக்கும் லிக்னின் என்ற பசை அதில் இல்லை. உடைத்தால் பெரும்பாலும் குளுக்கோஸ் மட்டுமே வருவதால், சாதாரண ஈஸ்டே அதைக் கையாளும்; வைக்கோலில் வரும் சைலோஸ் என்ற வேறு சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. ஆனால் பருத்தியின் சரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, படிகம்போல இறுகி அடுக்கப்பட்டிருக்கின்றன. நொதி நுழைய இடுக்கு இல்லை. அதனால் முதலில் அந்த அடுக்கைக் குலைக்க வேண்டும். குளிர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது ஒரு வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் மெர்சர் கண்டுபிடித்து, பின்னாளில் பருத்திக்கு மினுக்கம் தரப் பயன்பட்ட மெர்சரைசிங் முறையின் உடன்பிறப்பு அது. ஸ்வீடனின் போராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். மரக்கூழிலிருந்து லயோசெல் என்ற ஆடை நார் செய்யப் பயன்படும் என்எம்எம்ஓ என்ற கரைப்பானில் கலப்புத் துணியைப் போட்டால் பருத்தி கரைந்துவிடும், பாலியெஸ்டர் கரையாமல் நிற்கும். வடிகட்டியபின் நீர் சேர்த்தால் பருத்தி, படிக இறுக்கம் தளர்ந்த கூழாகப் படியும். அதை நொதி எளிதில் தின்னும். அதிலிருந்து எத்தனாலோ மீத்தேனோ எடுக்கலாம். கரைப்பான் விலை கூடியது என்பதால் ஏறக்குறைய முழுவதையும் மீட்டெடுத்தால்தான் கட்டுபடியாகும்.

சாயம் அடுத்த தகராறு. ரியாக்டிவ் சாயங்கள் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் கட்டிக்கொள்கின்றன; துவைத்தால் போகாததற்குக் காரணமும் அதுவே, நொதியின் வழியை மறிப்பதும் அதுவே. இஸ்திரி வேண்டாத சட்டைகள் இன்னும் மோசம். சுருக்கம் விழாமலிருக்க அவற்றில் ஏற்றும் பிசின், செல்லுலோஸ் சரங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்துவிடுகிறது. நொதி ஊரும் கயிற்றில் இடையிடையே முடிச்சுப் போட்டதுபோல. நண்பர் சொன்னது நினைவுக்கு வருகிறது: துணிக்கு நாம் சேர்க்கும் ஒவ்வொரு நல்ல குணமும் அது சாகும்போது எதிர்க்குணமாகிறது.

எல்லாவற்றையும்விட நான் எதிர்பாராத தொல்லை, நீர். பருத்தி தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஒரு வாளி நீரில் ஒரு பழைய துண்டைப் போட்டு மரக்கரண்டியால் கலக்கிப் பாருங்கள். இரண்டு சுற்றில் துண்டு கரண்டியைச் சுற்றிக்கொள்ளும். தொழிற்சாலைத் தொட்டியில் கலக்கித் தண்டை நார்கள் அப்படித்தான் சுற்றிப் பிடிக்கின்றன. அதனால் நிறையத் துணியைக் கொஞ்சம் நீரில் போட முடியாது. நீர் கூடினால் சர்க்கரை நீர்த்துப்போகும், சர்க்கரை நீர்த்தால் எத்தனாலும் நீர்த்துப்போகும். நூற்றுக்கு நான்கு பங்கு எத்தனாலாவது இல்லாத கரைசலைக் காய்ச்சி வடிப்பது வீண் செலவு என்பது இத்துறையின் கைக்கணக்கு. மீதித் தொண்ணூற்றாறு பங்கு நீரைச் சூடாக்குவதற்கும் எதையோ எரிக்கத்தானே வேண்டும்?

இதைவிடச் சீரான மூலப்பொருள் வைத்திருந்தவர்களே இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க டூபாண்ட் நிறுவனம் அயோவாவில் 2015இல் திறந்த பெரிய ஆலை 2017இல் கைவிடப்பட்டது. அபெங்கோவா கான்சாஸில் 2014இல் திறந்த ஆலை அடுத்த ஆண்டு முடிவதற்குள் நின்றது. ருமேனியாவில் கிளாரியன்ட் 2021இல் திறந்த வைக்கோல் எத்தனால் ஆலையை 2023 இறுதியில் மூட முடிவெடுத்தது. அவர்களிடம் இருந்தது வயலின் தட்டையும் வைக்கோலும். துணிப்பெட்டியில் விழுவது ஒரு கைக்கு நூறு விதம்.

புதுப்பிக்கத்தக்கது என்ற சொல்

இனி, புதுப்பிக்கத்தக்கது என்று சொல்லாமல் சொல்லும் அந்த இலைப் படத்துக்கு வருகிறேன். உலகில் 2023இல் உற்பத்தியான 12.4 கோடி டன் நார்களில் 57 சதவீதம் பாலியெஸ்டர். பருத்தி ஏறக்குறைய 20 சதவீதம். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு பழந்துணிக் குவியலில் கைவிட்டால் அகப்படுவதில் பாதிக்கு மேல் பெட்ரோலியத்தின் மறுபிறவி. பிரிக்கும் வேலையே வேண்டாமென்று மொத்தத்தையும் காற்றின்றிச் சுட்டு எண்ணெயாக்கும் வழியும், வாயுவாக்கி அதிலிருந்து எரிபொருள் கோக்கும் வழியும் உண்டு. எளிது என்று தோன்றும். ஆனால் பாலியெஸ்டரைச் சுட்டால் டெரிப்தாலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் ஆவியாகிப் போய், குளிர்ந்த குழாய்களில் வெள்ளைத் தூளாகப் படிந்து அடைக்கின்றன. கம்பளியும் நைலானும் நைட்ரஜனைக் கொண்டுவரும். துணியின்மேல் பிவிசி பிளாஸ்டிக்கால் அச்சிட்ட படங்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டுவரும். நகரக் குப்பையை வாயுவாக்கி விமான எரிபொருளுக்கான எண்ணெய் செய்ய நெவாடாவில் கட்டிய ஃபுல்க்ரம் ஆலை 2022 இறுதியில் முதல் எண்ணெயைத் தந்து 2024இல் நின்றுபோனது.

இந்த வழிகளில் ஓடும் வண்டி எரிப்பதில் பாதி, பெட்ரோல்தான். இடையில் கொஞ்ச நாள் சட்டையாக இருந்துவிட்டு வந்த பெட்ரோல். அதைப் புதுப்பிக்கத்தக்கது என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. இதில் ஏமாற்றவும் முடியாது. செடி காற்றிலிருந்து எடுக்கும் கார்பனில் கார்பன்-14 மிகச் சிறிதளவு கலந்திருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த எண்ணெயில் அது துளியும் மிஞ்சியிருக்காது. ஆகவே ஒரு சீசா எரிபொருளைக் கொடுத்தால், அதில் எத்தனை பங்கு வயலிலிருந்து வந்தது, எத்தனை பங்கு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தது என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். பழஞ்சுவடியின் வயதைக் கணிக்கும் அதே முறை, என் சட்டைச் சீட்டு சொல்லாததையும் சொல்லும்.

சட்டமும் இந்த இடத்தில் என்னைவிடக் கறாராக இருப்பதைக் கண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டகம், கழிவை எரிபொருளாக மாற்றுவதை மறுசுழற்சி என்ற சொல்லின் இலக்கணத்திலிருந்தே நீக்கியிருக்கிறது. தவிர்த்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி என்ற மூன்று படிகளுக்கும் கீழே, புதைப்பதற்கு ஒரு படி மேலேதான் அதற்கு இடம். அதே சட்டகத்தின்படி 2025 ஜனவரி முதல் உறுப்பு நாடுகள் பழந்துணியைத் தனியாகச் சேகரிக்கவேண்டும். சேகரித்தபின் அது எந்தப் படிக்குப் போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேல் படியில் கால்வைத்தவர்களுக்கும் வழுக்கியிருக்கிறது: பழைய பருத்தியைப் புதிய நாருக்கான கூழாக்கிய ஸ்வீடனின் ரினியூசெல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் திவாலானது.

ஆகையால் எனக்கு இப்போது இருக்கும் அபிப்பிராயம் இது. உடுத்தக்கூடிய சட்டையை எத்தனாலாக்குவது அபத்தம். நார் நீளமாக இருக்கும் பருத்தித் துணியை மீண்டும் நூலாக்காமல் நொதித்தொட்டியில் போடுவதும் அவசரம். எண்ணெய்க் கறை ஏறிய துடைப்புத்துணி, இனி நூற்க முடியாத தூசுப்பஞ்சு, கையால் பிரிக்க முடியாத கலப்புத் துணி ஆகியவற்றுக்கு இந்த வழி பொருந்தும்; அங்கே சர்க்கரை விற்ற காசு பாலியெஸ்டரை மீட்கும் செலவைத் தாங்கும். அந்தச் சர்க்கரையைக்கூட எத்தனாலாக்கி எரித்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை. வேறு பொருள்கள் செய்பவர்கள் கூடுதல் விலை தந்தால் வண்டி காத்திருக்கட்டும். ஹாங்காங்கில் வெந்நீரையும் சிறிதளவு அமிலத்தையும் அழுத்தத்தையும் கொண்டு கலப்புத் துணியைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று செய்திருக்கிறார்கள். அதில் பருத்தி தூளாக உதிர, பாலியெஸ்டர் மீண்டும் நூற்கும் நாராகவே வெளியே வருகிறது. அதைப் பற்றிப் படித்தபோது என் தொட்டியிலிருந்து எழுந்து வந்த வலைச்சட்டைதான் கண்முன் நின்றது.

அந்த வலைச்சட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் சில நாள் வைத்திருந்தேன். பெட்டியில் போடலாம் என்றால், துவைத்து உலர்த்திய துணிகள் மட்டும் என்று அதன் பக்கவாட்டில் ஓர் அறிவிப்பு உண்டு. சட்டையின் சீட்டைப் பார்த்தேன். குளிர்ந்த நீரில், ஒத்த நிறங்களோடு, மென்மையாகத் துவைக்கவும் என்று இருந்தது. அப்படியே செய்தேன். மண்ணெல்லாம் ஒரே அலசலில் போய்விட்டது. கொடியில் போட்ட பத்து நிமிடத்தில் காய்ந்தும் விட்டது. ஈரத்தைப் பிடித்துவைக்கப் பருத்தி இல்லையே. மடிக்குமுன் பழக்கதோஷத்தில் பொத்தான்களைப் பூட்டினேன். ஏழும் சரியாகப் பூட்டிக்கொண்டன.